பழைய வீடும் பாணியின் மதிப்பும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

ஆண்டு விழா மேடையில் மொழியின் சிறப்பையோ இலக்கியத்தின் இனிமையையோ எடுத்துரைப்பது வழக்கம். நாம் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள் வீடு. அதிலும் புதிய வீடன்று, பழைய வீடு. பிழைப்பை நாடிப் பிறந்த ஊரை விட்டு வந்த நமக்கு, வீட்டைக்காட்டிலும் நெஞ்சுக்கு நெருக்கமான பொருள் வேறு எது?

இன்று மாதுங்காவில் எந்தக் கட்டடத்தின் மாடிப்படி ஏறினாலும், அறிவிப்புப் பலகையில் புனரமைப்புக் கூட்டம் பற்றிய தாள் ஒன்று தொங்குகிறது. கோயில் வாசலிலும் காய்கறிக் கடையிலும் இதே பேச்சுத்தான். "இடித்துக் கட்டினால் எத்தனை சதுர அடி கிடைக்கும்?" என்று ஒருவர் கேட்கிறார். "இப்படி ஒரு வீட்டை இனி எவரால் கட்ட முடியும்?" என்று மற்றவர் பெருமூச்சு விடுகிறார். ஒரே குடும்பத்தில் தந்தை ஒரு பக்கமும் மகன் மறு பக்கமுமாக நிற்பதையும் காண்கின்றோம்.

நாம் பொறியாளர் அல்லோம். கட்டடக் கலை பயின்றவரும் அல்லோம். மெட்ரிகுலேஷன் தேறி, ரயில்வே பார்சல் அலுவலகத்தில் குமாஸ்தாவாகக் காலம் தள்ளுகின்றோம். குடியிருப்பதோ ரயில்வே குவார்ட்டர்ஸ். விற்பதற்கு நம்மிடம் வீடுமில்லை. பில்டரிடம் பெறுவதற்குப் பங்குமில்லை. ஆகவே இரு சாராருக்கும் நடுவே நின்று சில சொல்லலாம் என்னும் துணிவினால் இங்கு வந்துள்ளோம்.

நாம் சொல்ல விரும்புவது இதுதான். ஒரு வீட்டின் கட்டடப் பாணி அதற்கு மதிப்பைத் தருகிறது. ஆயினும் அம்மதிப்பு தனி வீட்டில் தங்குவதில்லை, வீட்டு வரிசையிலே தங்குகிறது. அதனைக் குடியிருப்போரே எடுத்து மொழிந்தாலன்றி எந்தக் கணக்கிலும் அது ஏறுவதில்லை.

எடையும் மதிப்பும்

நம் தொழிலிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுத் தருவோம். ரயிலில் பார்சல் அனுப்புவோர் பொருளின் மதிப்பை எழுதிக் கொடுத்து, அதற்குரிய கூடுதல் கட்டணத்தையும் செலுத்தலாம். பொருள் காணாமற்போனால், அறிவித்த மதிப்பு வரை ஈடு கோரும் உரிமை அவர்களுக்கு உண்டு. மதிப்பை அறிவியாமல் அனுப்பினாலோ, எடையைக் கொண்டே ஈட்டின் வரம்பு கணக்கிடப்படும். கட்டுக்குள் இருப்பது காஞ்சிபுரம் பட்டா, கந்தல் துணியா என்று எவரும் கேட்கமாட்டார். கிலோவுக்கு இவ்வளவு என்று கணக்கு முடிந்துவிடும்.

வீட்டுச் சந்தையும் இவ்வாறே நடக்கின்றது. அங்கே எடைக்குப் பதிலாகச் சதுர அடி நிற்கின்றது. நம் கட்டடங்கள் மதிப்பு அறிவிக்கப்படாத பார்சல்கள். அவற்றின் பாணி என்ன, அப்பாணி எதற்காக ஏற்பட்டது, அதனால் விளைந்த நன்மை எது என்பதை நாமே அறியோமாயின், பிறர் எப்படி அறிவர்?

நம் வீடுகள் பிறந்த கதை

1896-ஆம் ஆண்டு பம்பாயில் பிளேக் நோய் புகுந்தது. காற்றும் வெளிச்சமும் இல்லாத நெருக்கமான குடியிருப்புகளே அதன் விளைநிலம் என்று அந்நாளில் கருதப்பட்டது. அதன் விளைவாக 1898-இல் பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்ட் தோன்றியது. ஊரின் வடபால் தாதர், மாதுங்கா, வடாலா, சயான் பகுதிகளில் புதிய குடியிருப்புகளை அமைக்கத் திட்டமிட்டது. அகன்ற சாலைகள், மரங்கள், ஐந்து தோட்டங்கள், மனைக்கு மனை இடைவெளி, மூன்று நிலைக்கு மேல் உயராத கட்டடங்கள் என்னும் ஒழுங்கு அப்போது வந்ததே. நாம் மாலையில் காற்று வாங்கும் அத்தோட்டங்கள் ஒரு கொள்ளைநோய் கற்பித்த பாடத்தின் பயன் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

திட்டம் தீட்டியவுடனே மக்கள் குடியேறிவிடவில்லை. வேலை செய்யும் இடமோ தெற்கே, கோட்டைப் பகுதியில். 1925-ஆம் ஆண்டு பிப்ரவரி 3-ஆம் நாள் விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லா வரை நாட்டின் முதல் மின்சார ரயில் ஓடியது. அலுவலகக் குமாஸ்தா தொலைவில் குடியிருந்து நாள்தோறும் வேலைக்குப் போய்வருவது அதன்பின் எளிதாயிற்று. அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே, 1915-இல், மாதுங்கா ரயில் பெட்டித் தொழிற்கூடமும் தோன்றியிருந்தது. தட்டெழுத்தும் கணக்கும் கற்றுத் தெற்கிலிருந்து வந்த நம் முன்னோர் இங்கே குடியேறினர். 1932-இல் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தையும் கண்டனர்.

அவர்கள் குடியேறியது ஒரு புதுவகை வீட்டில். அதற்கு முன் நடுத்தரத்தார் பலர் 'சால்' எனப்படும் வரிசைக் குடியிருப்பில், நீண்ட தாழ்வாரத்தின் கோடியில் பொதுக் கழிவறையோடு வாழ்ந்தனர். ஒரு கதவுக்குள்ளேயே கூடம், படுக்கையறை, சமையலறை, குளியலறை, கழிவறை யாவும் அடங்கிய பிளாட் அந்நாளில் புதுமை. சமையற்கட்டுள்ள கூரையின் கீழேயே கழிவறையும் இருப்பதா என்று ஆசாரமுள்ள குடும்பங்கள் தயங்கின. நிகில் ராவ் என்னும் வரலாற்றாசிரியர் 2013-இல் வெளியிட்ட ஆங்கில நூல், இந்த மாதுங்கா பிளாட்டுகளையும் இங்கு வாழ்ந்த தென்னிந்தியரையும் விரிவாக ஆராய்கின்றது. நம் பாட்டியர் சமையலறை வாசலில் நின்று நடத்திய வழக்கு, இன்று வரலாறாகிவிட்டது.

பாணி எதற்கு?

இனி அவ்வீடுகளின் தோற்றத்தைக் காண்போம். 1930-களிலும் 1940-களிலும் எழுந்த கட்டடங்கள் பல 'ஆர்ட் டெகோ' எனப்படும் பாணியைச் சேர்ந்தவை. 1925-இல் பாரிஸ் மாநகரில் நடந்த அலங்காரக் கலைக் கண்காட்சியிலிருந்து பெற்ற பெயர் இது. வேடிக்கை என்னவெனில், நம் கட்டடங்களைக் கட்டிய காலத்தில் இப்பெயர் வழக்கில் இல்லை. பெவிஸ் ஹில்லியர் என்பவர் 1968-இல் எழுதிய நூலுக்குப் பின்னரே அது பரவியது. அதற்கு முன் அவை வெறும் புதுமாதிரிக் கட்டடங்கள். பெயர் கிடைத்த பின்னரே ஆராய்வோரும் போற்றுவோரும் பெருகினர். பொருளுக்கு மதிப்பு வருமுன் அதற்கு ஒரு பெயர் வேண்டியிருக்கிறது!

அப்பாணியின் அடையாளங்கள் யாவை? தெரு முனையில் வட்டமாகத் திரும்பும் பால்கனி. சன்னல்களுக்கு மேல் புருவம்போல் நீளும் சிமென்ட் சன்ஷேடு. முகப்பின் நடுவே படிப்படியாக உயரும் தூண் போன்ற அமைப்பு. உதயசூரியக் கதிர், அலை, தாமரை ஆகிய உருவங்கள் கொண்ட இரும்புக் கிராதி. கப்பலின் சாளரம் போன்ற வட்டத் துளைகள். கட்டடத்தின் பெயரைப் புடைப்பெழுத்தில் தாங்கிய நெற்றி. நம்மில் பலர் இவற்றை நாள்தோறும் பார்த்தும் பாராதவராயிருக்கின்றோம்.

இவை வெறும் அழகுக்காக அமைந்தவை அல்ல. நீண்ட சன்ஷேடு உச்சி வெயிலையும் ஆடி மாதச் சாரலையும் தடுக்கின்றது. அதனாலன்றோ மழை நாளிலும் சன்னலைத் திறந்து வைக்க முடிகிறது. முனைப் பால்கனி இரு தெருக்களின் காற்றையும் வாங்குகின்றது. மாடிப்படிக் கட்டின் நெடிய கிராதி விளக்கில்லாமலே வெளிச்சம் தருகின்றது.

மற்றொன்றும் நினைவிற்கொள்ளத் தக்கது. நம் விக்டோரியா டெர்மினஸ் 1878-இல் தொடங்கி 1888-இல் முடிந்த கோதிக் பாணிக் கட்டடம். அத்தகைய ஒன்றை எழுப்பக் கல் தச்சரும் பெருஞ்செல்வமும் வேண்டும். ஆர்ட் டெகோவுக்கோ கம்பியும் சிமென்ட்டும் சென்ட்ரிங் பலகையும் கைதேர்ந்த கொத்தனாரும் போதும். 1936-இல் சிமென்ட் நிறுவனங்கள் பல ஒன்றிணைந்து ஏ.சி.சி. உருவான காலம் அது. மாளிகைக்கே உரியதாயிருந்த அழகு, மாதச் சம்பளக்காரன் வாடகைக்குக் குடியிருக்கும் வீட்டுக்கும் வந்தது. இப்பாணியின் உண்மையான பெருமை இதுவே என்பது நம் கருத்து.

தனி வீடும் வரிசையும்

விக்டோரியா டெர்மினஸ், இன்றைய சத்திரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ், 2004-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் பெற்றது. ரயில்வே ஊழியர் யாவரும் மார்தட்டிக்கொண்ட நாள் அது. 2018-இல் அதே பட்டியலில் மும்பையின் கோதிக், ஆர்ட் டெகோ கட்டடங்களும் ஏறின. ஓவல் மைதானத்தின் கிழக்கே உயர் நீதிமன்றமும் பல்கலைக்கழகமும் உள்ள கோதிக் வரிசை. மேற்கே ஆர்ட் டெகோ பிளாட் வரிசை. அப்பால் மெரீன் டிரைவ். மொத்தம் 94 கட்டடங்கள்.

இங்குள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். ரயில் நிலையம் தனித்து நின்று பட்டம் பெற்றது. பிளாட் கட்டடங்களோ ஒன்றுகூடி நின்றமையால் பட்டம் பெற்றன. அவற்றுள் ஏதேனும் ஒன்றைத் தனியே தூக்கி வேறோரிடத்தில் வைத்தால், அது மற்றுமொரு பழைய வீடு. அடுத்தடுத்து ஒரே உயரத்தில், ஒரே கோட்டில், ஒன்றன் வளைவு மற்றொன்றின் வளைவுக்கு விடை கூறுமாறு நிற்பதால்தான் அது உலகச் சொத்து. பந்தி நடுவே ஓர் இலையை உருவினால் இருபுறமும் அமர்ந்தோருக்கும் இடைஞ்சல். வீட்டு வரிசையும் அப்படியே.

பிற நாட்டாரின் கணக்கும் இதனையே காட்டுகின்றது. லண்டன் பொருளியல் கல்லூரி ஆய்வாளர்கள் 2012-இல் இங்கிலாந்தின் பாதுகாக்கப்பட்ட குடியிருப்புப் பகுதிகளை ஆராய்ந்தனர். வீட்டின் அளவு, இருப்பிடம் ஆகிய வேறுபாடுகளைக் கழித்த பின்னும், அப்பகுதி வீடுகள் ஏறத்தாழ 9 விழுக்காடு கூடுதல் விலை பெற்றன. தன் வீட்டுச் சுவருக்காக மட்டுமன்றி, எதிர்வீட்டுக்காரர் சுவரைக் கெடுக்கமாட்டார் என்னும் நம்பிக்கைக்காகவும் மக்கள் விலை தருகின்றனர்.

மதிப்பு இருந்தும் விலை ஏறாதது ஏன்?

அப்படியாயின் மாதுங்காவில் இடிப்பது ஏன் என்று கேட்பீர்கள். கூற்றுவன் இருவர். ஒன்று வாடகைச் சட்டம்; மற்றொன்று மனைக்கு மேலுள்ள வானம்.

1947-ஆம் ஆண்டின் பம்பாய் வாடகைச் சட்டம் 1940 செப்டம்பர் நிலையில் வாடகையைக் கட்டிப் போட்டது. போருக்குப் பிந்திய வீட்டுப் பஞ்சத்தில் ஏழை எளியோரைக் காத்த சட்டம் அது. நம் குடும்பங்களில் பல அதன் நிழலில் தழைத்தவை. எனினும் வாடகை நின்றது, சிமென்ட் விலை நிற்கவில்லை. வீட்டுக்காரர் பழுது பார்ப்பதைக் கைவிட்டார். கடற்காற்றின் உப்பு கான்கிரீட்டுக்குள் புகுந்தது. கம்பி துருப்பிடித்துப் பருத்தது. காரை வெடித்து விழுந்தது. கட்டடங்கள் இடிந்து உயிர்ச்சேதமும் நேரவே, 1969-இல் பழுதுபார்ப்பு வாரியம் ஒன்று சட்டத்தால் ஏற்பட்டு, 'செஸ்' என்னும் வரியும் விதிக்கப்பட்டது. 1999-இல் இயற்றப்பட்ட புதிய வாடகைச் சட்டம் ஆண்டுக்கு 4 விழுக்காடு உயர்வுக்கு இடம் தந்து, 'பகடி' முறையையும் ஏற்றது. அதற்குள் அரை நூற்றாண்டு கடந்துவிட்டது.

இரண்டாவது, எஃப்.எஸ்.ஐ. எனப்படும் தளப்பரப்பு அளவு. மனையின் பரப்பைப்போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்பதே அது. மும்பைத் தீவு நகரில் அடிப்படை அளவு 1.33. செஸ் செலுத்தும் பழைய கட்டடத்தை இடித்துக் கட்டினால் 3 மடங்கு வரையும், சில வேளை அதற்கு மேலும் விதி இடம் தருகின்றது. 600 சதுர மீட்டர் மனை என்று கொள்வோம். முதற்கணக்கில் 798 சதுர மீட்டர். இரண்டாம் கணக்கில் 1,800. இடையிலுள்ள 1,002 சதுர மீட்டரும் இப்போது காகம் பறக்கும் வெற்று வானம். பில்டர் விலைக்கு வாங்க வருவது அந்த வானத்தையே. வளைந்த பால்கனி அழகில்லை என்று எவரும் இடிப்பதில்லை. அது வானத்துக்குச் செல்லும் வழியில் நிற்பதனால் இடிக்கின்றனர்.

பெயரற்ற பாணி

பாணியைப் போற்றும்போது ஒரு நீதியையும் மறத்தலாகாது. 1920-களில் பம்பாய் வளர்ச்சித் துறை ஆலைத் தொழிலாளர்க்காக வொர்லி, நைகாம் முதலிய இடங்களில் 207 கட்டடங்களை எழுப்பியது. பி.டி.டி. சால் என்று அவற்றை நாம் அறிவோம். ஒரு குடும்பத்துக்கு 160 சதுர அடி அறை, பொதுத் தாழ்வாரம். அலங்காரம் ஏதுமில்லை. ஆலைத் தொழிலாளரின் வாழ்வும் போராட்டமும் நிகழ்ந்த இடங்கள் அவை. வரலாறு மிகுந்திருந்தும் அழகிய பெயருடைய பாணி இல்லாமையால், அவற்றைக் காக்க வேண்டும் என்று குரல் கொடுத்தோர் சிலரே. அவற்றை இடித்து 500 சதுர அடி வீடுகள் தரும் பணி நடந்து வருகின்றது. 160 அடியில் மூன்று தலைமுறை வாழ்ந்தவரிடம் சென்று, தாழ்வாரத்தின் அருமையை நாம் எடுத்துரைப்பது அழகன்று. ஆயினும் அண்டை வீட்டாரை அண்ணனாக்கியது அந்தத் தாழ்வாரமே என்பதையும் மறுக்கவியலாது.

அதுபோலவே, மூன்றாம் மாடியில் முழங்கால் வலியுடன் வாழும் முதியவர் லிஃப்ட் வேண்டும் என்பதும் நியாயமே. மருத்துவமனைக்குப் போக நாற்காலியில் வைத்துத் தூக்கி இறக்கப்படும் தாயிடம், உதயசூரியக் கிராதியின் எழிலைப் பேசிப் பயனில்லை. 2012-இல் மும்பையின் பாரம்பரியப் பட்டியலை விரிவாக்கி, தாதர் மாதுங்காப் பகுதிகளையும் அதில் சேர்க்கும் முன்மொழிவு வந்தபோது, குடியிருப்போரே பலர் எதிர்த்தனர். சிறு மாற்றத்துக்கும் அனுமதி கேட்க நேரும்; புனரமைப்பு நின்றுபோகும்; பொருள் இழப்பு நமக்கு மட்டுமா என்று அவர்கள் கேட்டனர். அக்கேள்வியை நாம் இகழ மாட்டோம். ஊருக்குச் சொந்தமான அழகின் செலவை ஒரு சில குடும்பங்களின் தலையில் மட்டும் சுமத்துவது முறையன்று.

மறுபுறம் உள்ள இடரையும் நோக்க வேண்டும். அமெரிக்காவின் மயாமி கடற்கரையிலும் ஆர்ட் டெகோ வீடுகளும் விடுதிகளும் மிகுதி. சிறு வருவாயுடைய முதியோர் தங்கிய இடங்கள் அவை. அன்பர்கள் போராடியதால் 1979-இல் அப்பகுதி அந்நாட்டின் வரலாற்றுப் பதிவேட்டில் ஏறியது. கட்டடங்கள் பிழைத்தன, விலை உயர்ந்தது, முதியோர் பலர் இடம்பெயர்ந்தனர். ஆகவே பாணியைக் காப்பது ஒன்று. அதில் வாழ்வோரைக் காப்பது வேறொன்று. இரண்டும் சேர்ந்தாலன்றி அது முழு வெற்றியாகாது.

நாம் செய்யத்தக்கவை

குறை கூறி அமர்வது சங்கத்தின் பணியன்று. ஆகவே சில யோசனைகளை உங்கள் முன் வைக்கின்றோம்.

முதலாவது, நம் மதிப்பை நாமே அறிவிப்போம். சங்கத்து இளைஞர்கள் கட்டடந்தோறும் சென்று, அதன் பெயர், நெற்றியில் பொறித்த ஆண்டு, முகப்பின் கூறுகள், முதலில் குடியேறிய குடும்பங்களின் நினைவுகள் ஆகியவற்றைத் தமிழில் எழுதிப் படமும் எடுக்கட்டும். அடுத்த ஆண்டு மலரில் அது வெளிவரட்டும். கைப்பேசி இல்லாத இளைஞர் இன்று யார்?

இரண்டாவது, சிறு பழுதைப் பெரும் பழுதாக்காதிருப்போம். காரையில் துருக்கறை தென்பட்டவுடன் கவனித்தால் ஆயிரங்களில் முடியும், விட்டால் இலட்சங்களாகும். மரச் சன்னலையும் இரும்புக் கிராதியையும் கழற்றி எடைக்குப் போட்டுவிட்டு அலுமினியம் மாட்டுமுன் ஒருமுறை எண்ணிப் பார்ப்போம். ஒருவர் பால்கனியை அடைத்தால் வரிசை முழுவதும் முகம் மாறுகின்றது.

மூன்றாவது, 1995-இல் மும்பையில் வந்த பாரம்பரியக் கட்டட விதிகளை அறிந்துகொள்வோம். பட்டியலில் ஏறிய கட்டடத்தை உயர்த்திக் கட்ட முடியாமற்போகும் உரிமையாளர், அந்தக் கட்டுமான உரிமையை வேறிடத்துக்கு மாற்றி விற்க அவ்விதிகள் வழி வகுத்தன. வானத்தை விற்றுக் கீழேயுள்ள வீட்டைக் காக்கும் வழி அது. அவ்வழியை எளிதாக்கி, கிடைக்கும் தொகையைப் பழுதுபார்க்கவும் லிஃப்ட் வைக்கவும் பயன்படுத்தலாகுமா என்று குடியிருப்போர் ஒன்றுகூடிக் கேட்டால் அதற்கு வலிமை உண்டு. தனியே கேட்டால் அது மனுவோடு நின்றுவிடும்.

நான்காவது, இடிப்பதே முடிவென்று பெரும்பான்மையோர் தேர்ந்தால், அதையும் கண் திறந்து செய்வோம். சதுர அடியை மட்டும் கேளாமல், காற்றோட்டத்தையும் கேட்போம். மனையைச் சுற்றி எவ்வளவு இடைவெளி, மரம் எத்தனை நிற்கும், மாற்று வீட்டு வாடகைக்கு என்ன உறுதி, புதிய கட்டடத்தின் மாதப் பராமரிப்புச் செலவை ஓய்வூதியத்தில் தாங்கலாகுமா என்று கேட்போம். விடை எழுத்தில் வரட்டும். பிளேக் நோய் கற்பித்த பாடத்தை லிஃப்ட்டுக்காக மறந்துவிட வேண்டாம்.

அன்பர்களே! நம் முன்னோர் இங்கே வாடகைக்கு வந்தவர்கள். அவர்கள் இக்கட்டடங்களைக் கட்டவில்லை, வரையவுமில்லை. எனினும் அவற்றின் கூடங்களில் கொலு வைத்தும், பால்கனியில் வடகம் காயவைத்தும், மாடிப்படியில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லியும், ஓர் அயலூர்ப் பாணியை நம் ஊர் வீடாக்கினர். அந்த மதிப்பை எந்தப் பதிவு அலுவலகத்தின் விலைப்பட்டியலிலும் காண முடியாது. அதை எழுதிக் கொடுக்க வேண்டியவர் நாமே. எழுதிக் கொடாவிடில், நம் வீடுகளும் எடைக்கே போகும்.